மேடை ஏறாத பியானோக் கலைஞன்

1950ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கச்சேரி நடந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கடைசியாக எழுதிவைத்த நான்கு பாடல்கள் அன்றுதான் முதன்முதலாக மேடையில் ஒலித்தன. பாடியவர் நார்வே நாட்டின் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். வாசித்தது ஃபில்ஹார்மோனியா இசைக்குழு. நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபூர்ட்வாங்லர். மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த இரவோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு பெயர் இருக்கிறது. கச்சேரி நடப்பதற்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவரின் பெயர். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். அவர் அன்று அரங்கில் இல்லை. கச்சேரியை ஒலிப்பதிவு செய்து மைசூருக்கு அனுப்பிவைத்தார்கள். அவருடைய அரண்மனையில் அப்போதே சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்தனவாம். அவற்றோடு இதுவும் போய்ச் சேர்ந்தது.

ராஜா, கையில் காசு இருந்தது, கொடுத்தார், இதுல என்ன இருக்கு என்று கடந்துபோய்விடலாம். ஆனால் இவர் ரசிகர் மட்டும் இல்லை. பியானோக் கலைஞனாக வேண்டும், மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆசைப்பட்டதோடு நிற்காமல் முறையாகப் பயின்றவர். அந்த வாழ்க்கை அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போன அந்த வாழ்க்கையிலிருந்து வேறு என்னென்ன கிளைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. அதைப் போகப்போகச் சொல்கிறேன்.

இரண்டு மரணங்கள்

ஜெயசாமராஜர் பிறந்தது 1919 ஜூலை 18. அப்போது மைசூரை ஆண்டவர் அவருடைய பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். இசைப் பித்தர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் மைசூர் வாசுதேவாச்சாரியாரும் அவருடைய சமஸ்தான வித்வான்கள். சாமுண்டீஸ்வரி மேல் முத்தையா பாகவதர் 108 கிருதிகள் இயற்றியது அவர் கேட்டுக்கொண்டதால்தான். அதே அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழுவும் இருந்தது. ஒரு பக்கம் வீணை, இன்னொரு பக்கம் பியானோ. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பையனுக்கு ஒன்று நம்முடையது, மற்றொன்று அந்நியம் என்ற பிரிவினையே தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

மைசூர் மகாராஜா கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றார். 1939இல் தந்தையோடு ஐரோப்பியப் பயணம். யுத்தம் தொடங்க இருந்த வருடம் அது. பழைய ஐரோப்பாவின் கச்சேரி உலகத்தைக் கடைசியாகப் பார்த்தவர்களில் அந்த இருபது வயது இளைஞரும் ஒருவர்.

1940 மார்ச்சில் தந்தை இறந்தார். ஆகஸ்டில் பெரியப்பாவும் போனார். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. செப்டம்பர் 8ஆம் தேதி ஜெயசாமராஜருக்கு முடிசூட்டினார்கள். வயது 21. சுமார் எழுபது லட்சம் மக்கள் வாழ்ந்த, இருபத்தொரு குண்டு மரியாதை பெற்ற சமஸ்தானம். ஆறே மாதத்தில் ஒரு வாழ்க்கை முடிந்து மற்றொன்று தொடங்கிவிட்டது.

ராஜாவுக்கு என்ன குறைச்சல், விருப்பப்பட்டால் வாசித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கச்சேரிப் பியானோக் கலைஞன் என்பது ஒரு திறமையின் பெயர் மட்டும் இல்லை. அது ஒரு வேலை. தினமும் ஆறேழு மணிநேரம் 88 கட்டைகளின் முன்னால் உட்காரவேண்டும். கறாரான ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்து, “இல்லை, மறுபடி” என்று சொல்லவேண்டும். போட்டிகளில் தோற்கவேண்டும். சின்ன ஊர்களின் மோசமான பியானோக்களில் பத்துப் பேருக்கு முன்னால் வாசிக்கவேண்டும். விமர்சகர் காலையில் பத்திரிகையில் திட்டினால் மாலையில் மறுபடி மேடையேற வேண்டும். ஒரு மகாராஜாவிடம் யார் “மறுபடி” என்று சொல்வார்? எந்த விமர்சகன் திட்டுவான்? அவரால் எத்தனை பியானோ வேண்டுமானாலும் வாங்க முடியும். தோற்பதற்கான சுதந்திரத்தை மட்டும் வாங்க முடியாது.

அவருடைய தங்கை விஜயாதேவியும் பியானோ பயின்றவர். 1940களின் பிற்பகுதியில் அவரால் நியூயார்க் போய், ஜூலியர்ட் பள்ளியின் எட்வர்ட் ஸ்டொயர்மனிடம் பாடம் கேட்க முடிந்தது. ஸ்டொயர்மன், ஷோன்பெர்க்கின் படைப்புகளை முதன்முதலில் வாசித்துக் காட்டிய பெரிய ஆள். தங்கைக்குத் திறந்த அந்தக் கதவு அண்ணனுக்குத் திறக்கவில்லை. பட்டத்துக்கு வந்தவன் பியானோ வகுப்புக்குப் போக முடியாது.

சான்றிதழ்

ஆனாலும் விடவில்லை. அரசராகி ஐந்து வருடம் கழித்து, 1945இல், லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்றார். அதே வருடம் டிரினிட்டி இசைக் கல்லூரி அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. ஒரு மகாராஜாவுக்கு இந்தச் சான்றிதழ் எதற்கு? அதை வைத்து அவர் வேலை தேடப்போவதில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அரண்மனையில் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டாத ஓர் இடத்தில் தன்னை அளந்து பார்க்கவேண்டும் என்ற தவிப்பு அது.

இதை எழுதும்போது எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. டிரினிட்டி, அசோசியேட்டட் போர்டு என்ற இரண்டு பெயர்களும் மலேசிய நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் உருவான இந்தத் தேர்வுமுறை, பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் போனது. கொடி இறங்கிய பிறகும் தேர்வு இறங்கவில்லை. ஒன்றாம் கிரேடிலிருந்து எட்டாம் கிரேடு வரை படிப்படியாக ஏறவேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் கிராணிமார் குடும்பங்களிலும், தேவாலயத்தில் ஆர்மோனியமும் ஆர்கனும் கேட்டு வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பியானோ ஒரு பண்பாட்டு அடையாளம். சீனக் குடும்பங்களில் இன்னும் அதிகம்.

கிள்ளானில் நான் வளர்ந்த தாமானில் ஓர் அக்கா இருந்தார். சாயங்காலம் அவர் வீட்டைத் தாண்டிப் போனால் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பது கேட்கும். எட்டாவது கிரேடை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தார். “முடிச்சாச்சுல்ல, இனி மூடி வெச்சிட்டு எஸ்.பி.எம்.-ஐப் பாரு” என்று அவருடைய அம்மா சொன்னதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். அதட்டி எல்லாம் சொல்லவில்லை. நியாயமான, அக்கறையான குரலில்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பியானோ மேல் குடும்பப் படங்கள் வந்து உட்கார்ந்தன. இந்த ஊர் ஈரப்பதத்தில் வாசிக்காத பியானோ என்ன ஆகும் தெரியுமா? மரம் ஊதும், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், கம்பிகள் துருப்பிடிக்கும். உள்ளே இருக்கும் இருநூற்றுச் சொச்சம் கம்பிகளும் சேர்ந்து டன் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த இழுவிசை மட்டும் குறையாது.

மகாராஜாவையும் அந்த அக்காவையும் ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஒருவருக்கு எல்லாம் இருந்தது. மற்றவருக்கு ஒரு பழைய பியானோவும் மாதக் கட்டணமும் மட்டும். ஆனால் இருவருக்கும் பாதை ஒரே இடத்தில் நின்றது. சான்றிதழ் வரைக்கும் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு, “சரி, இப்போ உன் நிஜமான வேலையைப் பார்” என்று ஒரு குரல் வருகிறது.

மெட்னர் என்ற வறியவர்

தன்னால் வாசிக்க முடியாது என்றானபின் மகாராஜா என்ன செய்தார்? வாசிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தார்.

நிக்கோலாய் மெட்னர் 1880இல் மாஸ்கோவில் பிறந்தவர். ரஷ்யப் பியானோ மரபின் கடைசி வாரிசுகளில் ஒருவர். ரக்மானினோவுக்கு நெருங்கிய நண்பர். ரக்மானினோவ் தன் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை மெட்னருக்குச் சமர்ப்பித்தார். மெட்னர் தன் இரண்டாவதை ரக்மானினோவுக்குச் சமர்ப்பித்தார். நட்பு சமமாக இருந்தது, அதிர்ஷ்டம் சமமாக இல்லை. ரக்மானினோவ் அமெரிக்காவில் புகழும் பணமும் சேர்த்தார். மெட்னர் 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, அலைந்து திரிந்து, 1935இல் லண்டனில் குடியேறினார். நவீன இசை அவருக்குப் பிடிக்காது. நவீன காலத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். யுத்தத்தில் லண்டன்மேல் குண்டு விழுந்தபோது, மாணவி எட்னா ஐல்ஸின் குடும்பம் அவருக்கு வார்விக்ஷயரில் அடைக்கலம் கொடுத்தது. இதயநோயோடு அங்கேதான் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை முடித்தார். 1944இல் அதை அவரே ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்த மனிதரின் இசை மைசூரில் இருந்த ஒருவருக்கு உயிராக இருந்தது. கேட்க விரும்பினால் இசைத்தட்டு இல்லை. சரி, நானே பதிவு செய்யவைக்கிறேன் என்று முடிவெடுத்தார். மகாராஜாவின் பணத்தில் மெட்னர் சங்கம் பிறந்தது. 1947இல் மெட்னர் தன் மூன்று கான்செர்ட்டோக்களையும் ஃபில்ஹார்மோனியா குழுவோடு தானே வாசித்துப் பதிவு செய்தார். பாடல்களும் அறையிசைப் படைப்புகளும் பின்னால் வந்தன. எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் பாட, எழுபது வயது மெட்னர் பியானோ வாசித்தார். 1951 நவம்பரில் இறந்துபோனார்.

அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் மெட்னரின் கை எப்படி இயங்கியது என்று நமக்குத் தெரிந்திருக்காது. மூன்றாவது கான்செர்ட்டோவை அவர் மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார். இன்று உலகத்தின் எந்த மூலையில் யார் அந்தப் படைப்பின் சுரத்தாளைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் மைசூர் என்ற பெயர் இருக்கும்.

இதை நான் தானம் என்று பார்க்கவில்லை. தனக்கு மறுக்கப்பட்ட மேடையில் இன்னொருவரை உட்காரவைத்துக் கேட்பது. அதில் பெருந்தன்மையும் இருக்கிறது, கொஞ்சம் ஏக்கமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது.

யார் வீட்டுப் பணம்?

ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை 1945இல் தொடங்கியவர் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் வால்டர் லெக். கனவு பெரிது, கையில் காசில்லை. மெட்னர் விஷயமாகப் பேச அவர் மைசூர் வந்தார். முப்பது வயதைத் தொடாத ஒரு மகாராஜா, கற்பனைக்கெட்டும் எல்லா இசைத்தட்டுகளும் கொண்ட நூலகம், விதவிதமான ஒலிபெருக்கிகள், பல கச்சேரிப் பியானோக்கள் என்று தான் பார்த்து அசந்துபோனதை லெக் பிறகு எழுதியிருக்கிறார். திரும்பும்போது மெட்னர் பதிவுகளுக்கான செலவோடு, மூன்று வருடங்களுக்கு வருடம் 10,000 பவுண்டு என்ற வாக்குறுதியும் அவரிடம் இருந்தது. அந்தப் பணம்தான் ஃபில்ஹார்மோனியாவைக் காலூன்றவைத்தது. ஹெர்பர்ட் வான் கராயனை அழைக்க முடிந்தது. பாலாகிரெவின் சிம்பொனி, ரூசெலின் நான்காவது சிம்பொனி என்று யாரும் அதிகம் கேட்காத படைப்புகளைப் பதிவு செய்யச் சொன்னது மகாராஜாவின் ரசனை. 1948இல் ஃபில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் போனால் நான் தோட்டக்காட்டு வம்சத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அது யார் வீட்டுப் பணம்?

அரண்மனைச் செலவு சமஸ்தானத்தின் கருவூலத்திலிருந்து வந்தது. அந்தக் கருவூலத்துக்கு வந்த வருமானங்களில் ஒன்று கோலார் தங்கவயலின் ராயல்டி. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880களிலிருந்து அங்கே தங்கம் தோண்டியது. பூமிக்குக் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலிகள். சுரங்கம் போகப்போக மூன்று கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டியது. உள்ளே வெக்கை, பாறை வெடிப்பு, நுரையீரலில் சிலிக்கா தூசி.

அதே வட ஆற்காட்டிலிருந்து, அதே சேலத்திலிருந்துதான் கங்காணிகள் இன்னொரு கூட்டத்தைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் கோலார் போனான், தம்பி மலாயா வந்தான் என்பது கதைக்காகச் சொல்வது இல்லை. அப்படி நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்த காலம். மகாராஜா முடிசூடிய மறுவருடம், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டம். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்றும் கேட்டார்கள். அந்த உலகத்தில் பியானோ என்பது துரை பங்களாவின் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஒரு பொருள்.

மைசூரிலும் 1947 அமைதியாக இல்லை. மெட்னர் லண்டனில் தன் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்த அதே வருடத்தில், பொறுப்பாட்சி கேட்டு “மைசூர் சலோ” போராட்டம் வெடித்தது. அப்போது திவானாக இருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. மகாராஜா பிடிவாதம் பிடிக்காமல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தவர், மக்களாட்சிக்கு வழிவிட்டவர் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தக் கணக்கை எப்படி முடிப்பது? கோலார் தமிழனின் நுரையீரல் மெட்னரின் இசைத்தட்டாக மாறியது என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. அதற்காக, கலை வேறு காசு வேறு என்று கையைக் கழுவிக்கொள்ளவும் முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் யார் வரியில் எழுந்தது? வியன்னாவில் மொசார்ட்டுக்குச் சம்பளம் கொடுத்தது யார் நிலம்? செலவு பிடிக்கிற எந்தக் கலைக்குப் பின்னாலும் பெயரில்லாத கூட்டம் ஒன்று நிற்கிறது. இசையைக் கேட்கும்போது அந்தக் கூட்டமும் நினைவில் இருக்கட்டும் என்றுதான் நான் சொல்லமுடியும். கேட்பதை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது. நானே நிறுத்தமாட்டேன்.

வயலின் வந்தது, பியானோ ஏன் வரவில்லை?

மகாராஜாவின் இசை வாழ்க்கையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. கில்ட்ஹால் பட்டம் வாங்கிய காலத்தையொட்டி அவர் கர்நாடக இசைக்குள் தீவிரமாக இறங்கினார். வீணை கற்றார். ஸ்ரீவித்யா என்ற முத்திரையோடு 94 கிருதிகள் இயற்றினார். எல்லாம் சமஸ்கிருதத்தில், பல அபூர்வ ராகங்களில். இன்றும் மேடையில் பாடப்படுகின்றன. பியானோக் கலைஞனாக முடியாதவர் வாக்கேயக்காரராக நிலைத்துவிட்டார்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கிருதிகளில் பியானோவின் சாயலைத் தேடினால் கிடைப்பதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் மரபில் வருகிற சுத்தமான கிருதிகள். மேற்கத்திய இசையை இவ்வளவு ஆழமாகத் தெரிந்தவர் இரண்டையும் கலக்கவே இல்லை.

தீட்சிதர் குடும்பத்தில் நடந்தது வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோம். தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இருநூறு வருடத்தில் வயலின் நம்முடைய வாத்தியமாகிவிட்டது. பியானோவும் ஏறக்குறைய அதே கப்பல்களில்தான் வந்தது. அது ஏன் ஆகவில்லை?

பதில் விரலில் இருக்கிறது. வயலின் கம்பியில் விரல் வழுக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகிற வழியெல்லாம் அதற்குச் சொந்தம். கமகம் என்பதே அந்த வழிதான். பியானோவில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பியானோவில் அசைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். இதே காரணத்தைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அதற்கு அறிவுப்பூர்வமான அடித்தளம் போட்டுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஜான் ஃபூல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் என்பது வேடிக்கை. இந்தக் காலத்தில் சென்னையின் அனில் ஸ்ரீனிவாசன், சிக்கில் குருசரண் பாட, பக்கத்தில் பியானோ வாசிக்கிறார். அவர் கமகத்தைப் பியானோவில் போலிசெய்வதில்லை. பாட்டுக்குப் பின்னால் ஒரு வெளியை உண்டாக்கிக் கொடுக்கிறார். சுவரைச் சுவர் என்று ஒப்புக்கொண்டு வேலை செய்வது.

மகாராஜாவும் அந்தச் சுவரை நன்றாக அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். அதனால்தான் வீணையை வீணையாகவும் பியானோவைப் பியானோவாகவும் விட்டுவைத்தார்.

அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1950 முதல் 1956 வரை ராஜப்பிரமுகர். பிறகு மைசூர் ஆளுநர். 1964இலிருந்து 1966 வரை சென்னை மாகாண ஆளுநர்.  1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. 1974 செப்டம்பர் 23ஆம் தேதி, 55 வயதில் காலமானார்.

இரட்டைக் கோபுரத்தின் அடியில்

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கம் இருக்கிறது. திறந்தது 1998 ஆகஸ்ட் 17. மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் கச்சேரியும் அன்றுதான். ஆசியப் பொருளாதார நெருக்கடியில் ரிங்கிட் சரிந்துகொண்டிருந்த நேரம். இரண்டே வாரத்தில் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டார். ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். அப்படிப்பட்ட நாளில், பல நாடுகளிலிருந்து வரவழைத்த கலைஞர்களோடு ஒரு முழு சிம்பொனிக் குழு இங்கே பிறந்தது. பணம் பெட்ரோனாஸுடையது. மைசூரில் பூமிக்கடியிலிருந்து எடுத்தது தங்கம், இங்கே எண்ணெய். தேசிய நிறுவனம் ஒன்று மகாராஜாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நான் அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளமாட்டேன். அந்த அரங்கம் வந்த வருடத்தில் கோலாலம்பூரில் பிறந்த துங்கு அகமட் இர்ஃபான், சிறுவனாக இருக்கும்போதே அந்தக் குழுவோடு பியானோ வாசித்தார். பிறகு ஜூலியர்ட் போனார். சிரம்பானில் பிறந்த மெய் யி ஃபூ லண்டன் போய்ப் படித்து, குபைதுலினா, லிகெட்டி, உன்சுக் சின் என்று கடினமான நவீன படைப்புகளை ஒரு தட்டில் பதிவு செய்து, 2013இல் பிபிசி மியூசிக் இதழின் சிறந்த புதுமுக விருது பெற்றார். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் பினாங்கின் டென்னிஸ் லீயும் லண்டனுக்குத்தான் போனார். பாதை இருக்கிறது. ஆனால் அது சுபாங் வழியாகவோ சிப்பாங் வழியாகவோ விமானம் ஏறிப் போகிற பாதை.

நம் பக்கம் என்ன? பிரிக்ஃபீல்ட்ஸில் 1981 முதல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. மிருதங்கம், வயலின், பரதம் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே கற்று அரங்கேறியிருக்கிறார்கள். அரங்கேற்றம் என்ற சொல்லே நமக்கு ஓர் எல்லையைக் காட்டுகிறது: ஒருமுறை மேடை ஏறி இறங்கினால் கற்றது நிறைவேறிவிட்டது. மேற்கத்திய இசைக்கு எட்டாவது கிரேடு, நம் இசைக்கு அரங்கேற்றம். இரண்டுக்குப் பிறகும் வரவேண்டிய இருபது முப்பது வருட உழைப்புக்கு யார் பணம் கொடுப்பது, யார் நேரம் கொடுப்பது, யார் பொறுமையாகத் திட்டுவது என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை. கோயில் கோபுரத்துக்கு நன்கொடைப் பட்டியல் நீளமாக இருக்கும். ஒரு பெண் பதினெட்டு வயதில் மூடிவைத்த பியானோவை மறுபடி திறக்க ஒரு பட்டியல் கிடையாது.

மகாராஜாவின் வாழ்க்கை எனக்குச் சொல்வது புரவலரின் பெருமையை அல்ல. காசு மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சி. ஒரு மனிதன் தன்னை முழுமையாகக் கொடுத்துச் செய்யவேண்டிய வேலைக்கு, வேறு எந்தக் கடமையும் குறுக்கே வராத சில வருடங்கள் தேவை. அந்த வருடங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மெட்னரின் கடைசி வருடங்களை அவரால் வாங்கிக்கொடுக்க முடிந்தது.

மெட்னரின் 1947ஆம் வருடப் பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. மூன்றாவது கான்செர்ட்டோவைக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பிடிபடாது, இரண்டாம் தடவை வையுங்கள். பழைய தட்டின் இரைச்சலுக்கு நடுவே, உடம்பு தளர்ந்த ஒரு கிழவர் தன் இசையைத் தானே வாசிக்கிறார். அவருக்கு எதிரே, பல ஆயிரம் மைல் தள்ளி, வாசிக்கத் தெரிந்தும் வாசிக்க முடியாத ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.